ப்ரோக்கோலி எப்போது நடுவது: வெயிலை நோக்கியா, குளிரை நோக்கியா?

விதைப் பாக்கெட்டின் பின்பக்கம் ‘65 நாள்’ என்று போட்டிருக்கும். அந்த ஓர் எண்ணை நம்பி நட்டுவிட்டு ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். அந்த 65 பெரும்பாலும் விதை போட்ட நாளிலிருந்து வரும் கணக்கில்லை, நாற்றைப் பிடுங்கி நட்ட நாளிலிருந்து வருவது. நாற்றங்காலில் போகும் நான்கைந்து வாரம் அதில் சேராது. அதுவும் செடிக்குப் பிடித்த குளுமை நிலவும்போது எடுத்த கணக்கு. வெயில் ஏறினாலும் குளிர் ஏறினாலும் எண் நகர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வருடத்தின் எந்த 65 நாள் என்று பாக்கெட் சொல்வதே இல்லை.

தோட்டம் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வதும் இந்த இடத்தில்தான். வசந்தத்தில் நட்டால் பூ வரும் நேரத்தில் கோடை வந்து கெடுக்கிறது. சரி, கோடைக் கடைசியில் நடலாம் என்றால், அந்த வெயிலில் நாற்றைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. இரண்டில் எது? அல்லது மூன்றாவதாக ஏதாவது வழி இருக்கிறதா?

பதிலுக்கு முன் செடியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ப்ரோக்கோலியில் நாம் சாப்பிடுவது இன்னும் விரியாத பூமொட்டுகளை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேல், நூக்கல் எல்லாம் இதே இனம்தான். தாவரவியலில் ஒரே பெயர், பிராசிக்கா ஒலரேசியா. மத்தியதரைக் கடலோரத்தில் பிறந்து வளர்ந்த செடி. செடியின் அவசரம் பூத்து விதை வைப்பது. நம் அவசரம் அதற்குச் சில நாள் முன்பே கத்தியோடு போய் நிற்பது. அதனால் ‘எப்போது நடுவது’ என்று கேட்பதைவிட ‘எந்த வாரத்தில் பூ வெட்டப்போகிறோம்’ என்று கேட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவதுதான் சரியாக வரும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது, பூ கட்டும் வாரங்களில் எவ்வளவு வெப்பம் என்பதை. மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான். 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் மொட்டுகள் சீராக, இறுக்கமாகச் சேரும். பகல் 25ஐத் தாண்டத் தொடங்கினால் பூ தளரும். 30ஐத் தாண்டிச் சில நாள் நின்றுவிட்டால் மொட்டுகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகப் புடைக்கும், நடுவே குட்டி இலைகள் முளைக்கும், சில இடத்தில் பழுப்பேறும். இதில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. இந்தக் கேடு பூ கண்ணில் தெரிவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. குருத்தின் உள்ளே, விரல்நுனி அளவுகூட இல்லாத பூ உருவாகும்போது அடித்த வெயில்தான் பிற்பாடு கோணல் பூவாக வெளியே வருகிறது. பூ தெரிந்தபிறகு நிழல்வலை கட்டினால் பாதி வேலைதான் ஆகும். இரவையும் மறக்கக்கூடாது. பகல் சூடாக இருந்தாலும் இரவு நன்றாகக் குளிர்ந்தால் செடி சமாளித்துக்கொள்ளும். இரவும் புழுங்கும் இடத்தில்தான் தோற்றுப்போகும்.

இரண்டாவது, நாற்றுப் பருவத்துக் குளிர். தண்டு பென்சில் பருமன் ஆகிவிட்ட நாற்று, 10 டிகிரிக்குக் கீழே ஒரு வாரம் பத்து நாள் தொடர்ந்து நின்றால், ‘குளிர்காலம் வந்து போய்விட்டது, பூத்துவிடலாம்’ என்று முடிவுகட்டிவிடும். உடம்பு வளராமலே உச்சியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு பூவை வைத்துவிட்டு நின்றுவிடும். இதைப் பொத்தான் பூ என்று சொல்வோம். வேர் தொட்டிக்குள் சுருண்டு நெருங்கிப்போனாலும், தழைச்சத்து போதாமல் பசியில் கிடந்தாலும் இதே கதைதான்.

மூன்றாவது, வெட்டக் கிடைக்கும் அவகாசம். குளிரில் முற்றிய பூ ஒரு வாரம்வரை செடியிலேயே காத்திருக்கும். வெயிலில் இரண்டு நாள் தள்ளிப்போட்டால் மஞ்சள் காட்டிவிடும். வார இறுதியில் மட்டும் தோட்டத்துக்குள் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

அப்புறம் பூச்சி, பாத்தியில் எத்தனை மாதம் இடம் அடைக்கிறது, நடுப்பூவை வெட்டியபின் பக்கப்பூக்கள் எத்தனை வாரம் வரும் என்பவை. கடைசியாகச் சொன்னதை லேசாக நினைக்க வேண்டாம். ஒரு செடிக்கு நடுப்பூ ஒன்றுதான். நன்றாக வந்தால் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ. 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும் ஒரு செடி அடைக்கும் இடத்துக்கு அது கொஞ்சம்தான். நடுப்பூவுக்குப் பிறகு இலைக்கணுக்களிலிருந்து வரும் குட்டிப்பூக்களைச் சேர்த்தால்தான் கணக்கு கட்டுப்படியாகும்.

## வசந்த நடவு: வெயிலை நோக்கி

உறைபனி விழும் இடங்களில் கணக்கு இப்படி: கடைசி உறைபனி வழக்கமாக நிற்கும் தேதிக்கு 6 முதல் 8 வாரம் முன்பு வீட்டுக்குள் விதை, 2 அல்லது 3 வாரம் முன்பு தோட்டத்து மண்ணில் நாற்று. பழக்கப்படுத்திய நாற்று லேசான உறைபனியைத் தாங்கும் என்பதால்தான் இந்த முன்கூட்டிய நடவு.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாக இருக்கும். பூச்சி இல்லை, மண்ணில் ஈரம் இருக்கிறது, தண்ணீர் வேலை குறைவு. குளிர்காலம் முழுக்கத் தோட்டத்தை எட்டிப்பார்க்காமல் இருந்தவருக்குக் கையும் துறுதுறு என்றிருக்கும். கஷ்டம் எல்லாம் கடைசியில் வந்து குவியும். நாற்று நட்டு 65 நாள் என்றால், கடைசி உறைபனி போய் ஆறேழு வாரம். அதற்குள் கோடை எட்டிப்பார்த்துவிட்டால் பூ சரியாக அந்த வெயிலில் போய் விழும். வசந்தம் நீளமா குட்டையா என்பதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. ஒரு வருடம் அருமையாக வந்த அதே தேதி, அடுத்த வருடம் கைவிட்டுவிடும்.

‘அப்படியென்றால் இன்னும் முன்னால் நட்டுவிட்டால்?’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நாற்றுப் பண்ணையில் நெட்டையாக, தண்டு திடமாக, ஏழெட்டு இலையோடு நின்றதைப் பார்த்துப் பொறுக்கி வாங்கிவந்தேன். பெரிய நாற்றாக நட்டால் நாள் மிச்சம் என்பது என் கணக்கு. நட்ட மறுவாரம் குளிர் திரும்பி வந்தது. பத்து நாள் விடவில்லை. ஒரு மாதம் கழித்து உச்சியை விலக்கிப் பார்த்தால் ஒவ்வொரு செடியிலும் ஒரு குட்டிப் பூ. பன்னிரண்டு செடிகள், பன்னிரண்டு பொத்தான்கள். அதே தோட்டத்தில், நாற்றுத்தட்டில் இடமில்லாமல் ஓரமாக நட்டுவைத்த நான்கு இலை நோஞ்சான் நாற்றுகள் இரண்டு, பிற்பாடு ஒழுங்கான பூ வைத்தன. குட்டி நாற்றுக்குக் குளிரை எண்ணத் தெரியாது. வளர்ந்த நாற்றுக்குத் தெரியும். வசந்தத்தில் நாற்று வாங்கப் போனால், கண்ணுக்குப் பிடித்த பெரியதை விட்டுவிட்டு, 4 முதல் 6 இலையோடு நிற்கும் இளசை எடுங்கள். தட்டைத் தூக்கி அடியைப் பாருங்கள். துளை வழியாக வேர் வெள்ளையாகத் தொங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கணக்கில் காட்டாத செலவுகளும் உண்டு. குளிர்காலத்தில் ஜன்னல் வெளிச்சம் போதாது. நாற்று வெளிச்சத்தைத் தேடி நூலாக நீண்டுவிடும், விளக்கு வேண்டும். அப்புறம் அதை ஒரு வாரம் பத்து நாள் பகலில் வெளியே வைத்து, இரவில் உள்ளே எடுத்துப் பழக்க வேண்டும். ஒரு நாள் மறந்தால் நாற்று போயிற்று. எல்லாம் முடிந்து பூவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில்தான் தக்காளியும் வெள்ளரியும் பீன்ஸும் பாத்தி கேட்டு நிற்கும். இரண்டு மூன்று வாரம் தள்ளி நட்டால் அவற்றின் விளைச்சல் அடிபடும். இது ப்ரோக்கோலியின் செலவில்தான் சேரும், ஆனால் யாரும் சேர்ப்பதில்லை.

பூச்சியும் வெயிலோடு சேர்ந்து ஏறும். பூ வெட்டும் வாரத்தில்தான் முட்டைக்கோஸ் வெள்ளைப் பட்டாம்பூச்சி அதிகம் பறக்கும். வைரமுதுகு அந்துப்பூச்சி சூடான நாட்களில் இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒரு தலைமுறையை முடித்து அடுத்ததைத் தொடங்கிவிடும். பச்சைப் புழு பச்சை மொட்டுக்குள் இருந்தால் எத்தனை தடவை கழுவினாலும் தெரியாது, கொதிக்கும் தண்ணீரில்தான் மிதக்கும். உப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் போட்டுவைப்பது இந்தப் பருவத்தில் கட்டாயம்.

பக்கப்பூ? வரும். ஆனால் வெயிலில் இரண்டு நாளில் மஞ்சளாகும், கொஞ்சம் கசக்கவும் செய்யும். ஒரு சுற்று பறித்துவிட்டுச் செடியைப் பிடுங்கிவிடுவதே நல்லது.

இவ்வளவு சொன்னாலும் வசந்த நடவே சரியாக வரும் இடங்கள் இருக்கின்றன. கோடையே 25 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாத கடலோரம், உயரமான மலைப்பகுதி, அல்லது கோடை முடிந்ததும் பட்டென்று உறைபனி வந்துவிடும் குட்டைப் பருவ நாடுகள். அங்கே இரண்டாவது வழிக்கு நாளே கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் 50 முதல் 60 நாள் ரகமாகப் பார்த்து, வசந்தத்திலேயே நட்டுவிடலாம்.

## கோடைக் கடைசி நடவு: குளிரை நோக்கி

இங்கே கஷ்டம் முழுக்க முதல் ஐந்து வாரத்தில். அதைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு வாரமும் செடிக்குச் சாதகமாகத் திரும்பிக்கொண்டே போகும். வெப்பம் இறங்கும், பூச்சி குறையும், பூ இறுகும். நான் இதன் பக்கம் சாய்வதற்குக் காரணம் இதுதான். வசந்தத்தில் தப்பு நடந்தால் திருத்த நேரமிருக்காது. இங்கே செடி பிழைத்துக்கொண்டால் பருவமே மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

நாள் கணக்கைப் பார்ப்போம். 65 நாள் ரகம், நாற்றங்காலில் 30 நாள், ஆக 95. அதோடு இன்னும் இரண்டு வாரத்தைக் கூட்ட வேண்டும். பகல் குறுகிக்கொண்டே போவதால் செடி மெதுவாகத்தான் வளரும், பாக்கெட் எண் இதைச் சொல்வதில்லை. சுமார் 110 நாள், அதாவது முதல் உறைபனிக்கு 15, 16 வாரம் முன்பு விதை கையை விட்டுப் போயிருக்க வேண்டும். வெளியே நெருப்பாக வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது குளிர்காலக் காய்க்கு விதை போட யாருக்குத்தான் மனம் வரும்? ‘கொஞ்சம் குளுமை வரட்டும்’ என்று காத்திருந்துதான் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வசந்தத்தில் இரண்டு வாரம் இடைவெளிவிட்டு இரண்டு தவணை விதைத்தால், பின்னது முன்னதை எட்டிப்பிடித்து ஒரு வாரத்துக்குள்ளேயே பூத்துவிடும். வெப்பம் ஏறும் பருவம், வளர்ச்சி வேகம் கூடிக்கொண்டே போகிறது. கோடைக் கடைசியில் இது தலைகீழ். ஒரு வாரம் தாமதமாக விதைத்தது, வெட்டும்போது இரண்டு மூன்று வாரம் பின்தங்கி நிற்கும். இன்னும் தாமதித்தால் பூ வைக்கும் முன்பே வெளிச்சமும் வெப்பமும் தீர்ந்துபோய்ச் செடி அப்படியே நின்றுவிடும். இந்தப் பருவத்தில் அவகாசத்தை முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் கிடைக்காது.

சரி, அந்த முதல் ஐந்து வாரம். விதைக்கு வெயில் பெரிய எதிரியில்லை. மண் 25 டிகிரி இருந்தால் நான்கைந்து நாளில் முளைத்துவிடும், 30 வரைகூடத் தாங்கும், 35ஐ நெருங்கினால் அடங்கிவிடும். காய்ந்துபோவதுதான் எதிரி. குழித்தட்டில் நார்க்கழிவு நண்பகலுக்குள் உலர்ந்துவிடும். பாதி வெளிச்சம் விடும் நிழல்வலைக்குக் கீழே வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் காட்ட வேண்டும். ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் இந்த ஐந்து வாரத்தில் வேண்டாம். நடும்போது மாலையில் நட்டு, அடி இலை மண்ணைத் தொடும் அளவுக்கு ஆழமாக இறக்கி, அன்றே மூடாக்கு போட்டுவிடுங்கள். இளம் செடிக்கு வெயில் பட்டால் இலைதான் நிறைய வரும், பூவுக்குச் சேதமில்லை. பூ கட்டும் நேரம் வரும்போது வெயில் போயிருந்தால் போதும்.

பூச்சிதான் இந்த நடவின் உண்மையான விலை. நாற்று முளைக்கும் வாரத்தில் தோட்டத்தில் பூச்சி உச்சத்தில் இருக்கும். இலைத்துள்ளி வண்டுகள் இரண்டிலை நாற்றைச் சல்லடையாக்கிவிடும். பட்டாம்பூச்சி இலையின் அடியில் மஞ்சள் முட்டையை ஒட்டவைத்துவிட்டுப் போகும். ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையை விதை போட்ட அன்றே மூடி, ஓரத்தை மண்ணால் அமுக்கிவிட்டால் பாதி கவலை தீரும். ‘முளைக்கட்டும், அப்புறம் போடலாம்’ என்று விட்டால் பூச்சியையும் சேர்த்து உள்ளே பூட்டிவிடுவீர்கள். புழு வந்துவிட்டால், புழுவைக் கொல்லும் பி.டி. பாக்டீரியாக் கரைசலை மாலையில் தெளிக்கலாம். புழு சின்னதாக இருக்கும்போதுதான் கேட்கும்.

பூ வரும் காலத்துக்கு வாருங்கள். விடியற்காலையில் போய் இலையை விலக்கினால் உள்ளே நீலப்பச்சையாக ஒரு கொத்து, மேலே மெழுகு பூசியது போல. விரலால் தொட்டால் மொட்டு ஒவ்வொன்றும் குண்டூசித் தலை அளவில் கடினமாக இருக்கும். இன்றைக்கு வெட்டலாம், மூன்று நாள் கழித்தும் வெட்டலாம். ஓரத்து மொட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கினால் மட்டும் காத்திருக்க வேண்டாம். பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தண்டோடு சாய்வாக வெட்டினால் வெட்டுவாயில் தண்ணீர் தேங்கி அழுகாது.

மைனஸ் 2, 3 டிகிரி லேசான உறைபனி வந்தால் பயமில்லை. குளிர் தொடும்போது செடி சர்க்கரையைச் சேர்த்துக்கொள்வதால் ருசி கூடும். உறைந்து விறைத்திருக்கும்போது கை வைக்காமல், வெயில் பட்டு இளகியபிறகு வெட்டுங்கள். அதைவிடக் கடுமையான பனி அடித்தால் பூ நீர்கோத்து அழுகும். அந்த அறிவிப்பு வந்த அன்றே, சின்னதோ பெரிதோ, எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும். இந்தப் பருவத்தில் பக்கப்பூ நான்கிலிருந்து ஆறு வாரம்வரை வந்துகொண்டே இருக்கும். பாத்தியும் கோடைப்பயிர் முடிந்து காலியாகக் கிடக்கும் நேரம், யாரோடும் சண்டையில்லை.

## குளிர்காலத்தைத் தாண்டும் நடவு

இது வேறு ரகம். ஊதா நிறத்தில் நிறையச் சின்னப்பூ வைக்கும் பழைய வகை. கோடைத் தொடக்கத்தில் விதைத்து, குளிர்காலம் முழுக்க நிறுத்தி, அடுத்த வசந்தம் பிறக்கும்போது பறிப்பது. நல்ல குளிர் பட்டால்தான் பூ வைக்கும். தோட்டத்தில் வேறு எதுவும் இல்லாத வாரங்களில் கைக்கு வரும் என்பதுதான் இதன் ஒரே பெரிய லாபம்.

விலை என்னவென்றால் எட்டுப் பத்து மாதம் பாத்தி அடைபடும். செடி இடுப்பளவு உயர்ந்து காற்றில் சாயும், கொம்பு நட வேண்டும். குளிர்காலத்தில் புறாக்கள் இலையைக் கொத்திக் குச்சியாக்கும், வலை வேண்டும். மிதமான குளிர்காலமும் தாராளமான இடமும் உள்ளவர்கள் நான்கு செடி வைத்துப் பார்க்கலாம். மண் வாரக்கணக்கில் உறையும் இடத்திலும், குளிரே வராத இடத்திலும், தொட்டியிலும் இது வேண்டாம்.

## உறைபனியே இல்லாத இடம்: குளிர்மாத நடவு

வெப்பநாட்டுக்காரர்களுக்கு வசந்தமா இலையுதிர்காலமா என்ற கேள்வியே கிடையாது. வருடத்தில் மிகக் குளுமையான ஆறேழு வாரம் எது என்று பார்த்து, பூ அதற்குள் விழும்படி நட வேண்டும். சொல்லப்போனால் இதுவும் குளிரை நோக்கிய நடவுதான், குளிர் கொஞ்சம் சிக்கனம், அவ்வளவே. வருடத்தில் ஒரே ஒரு வாசல். அது மூடியபின் ஒரு மாதம் தாமதித்து நட்டால் இலைதான் மிஞ்சும்.

இங்கே ரகம் பாதி வெற்றி. நாள் அதிகம் பிடிக்கும் ரகம் வாசலுக்குள் முடியாது. 50 முதல் 60 நாளில் முடியும் வெயில் தாங்கும் கலப்பினம் வேண்டும். ‘கிரீன் மேஜிக்’ போன்றவை அதற்கென்றே அறியப்பட்டவை. இன்னொரு வழி, மெலிந்த தண்டோடு வரும் ப்ரோக்கோலினி வகை. 1993இல் ஜப்பானின் சகாட்டா விதை நிறுவனம் ப்ரோக்கோலியையும் சீனத்து காய்-லான் கீரையையும் கலந்து உண்டாக்கியது. பெரிய பூவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, தண்டு தண்டாக வெட்டிக்கொள்ளலாம். குளிர் போதாத தோட்டத்துக்கு நடுப்பூ ரகத்தைவிட இது பொருந்தும்.

கவனிக்காமல் விடும் செலவு மழை. பல வெப்பநாடுகளில் குளிர்மாதங்களுக்குச் சற்று முன்னால்தான் மழைக்காலம். அதாவது நாற்று விடும் நேரம். ஈரம் வடியாத தட்டில் நாற்றின் கழுத்து நூல்போல மெலிந்து சாயும், நாற்றழுகல். நட்டபின் மழைத்துளி தெறித்துக் கருப்பழுகல் நோய் இலைக்கு இலை பரவும். இலை ஓரத்தில் ‘வி’ வடிவில் மஞ்சள் இறங்கினால் அதுதான். நாற்றுத்தட்டு மழை படாத, ஆனால் வெளிச்சம் உள்ள இடத்தில், தரையைவிட்டு உயரமாக இருக்க வேண்டும்.

உயரமும் கணக்கில் வரும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். வெப்பநாட்டிலேயே மலைமேல் இருப்பவர்கள் சமவெளிக்காரர்களின் தேதியைப் பின்பற்ற வேண்டியதில்லை. அவர்களில் பலருக்கு வருடம் முழுக்கவே வாசல் திறந்திருக்கும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | வசந்த நடவு | கோடைக் கடைசி நடவு | குளிர்காலம் தாண்டும் நடவு | வெப்பநாட்டுக் குளிர்மாத நடவு |
|---|---|---|---|---|
| பூ கட்டும்போது வானிலை | ஏறும் வெயில், சூதாட்டம் | இறங்கும் வெயில், சாதகம் | குளிர் முடிந்த இளவெயில் | குளுமை, ஆனால் குறுகிய காலம் |
| பொத்தான் பூ ஆபத்து | அதிகம் | குறைவு | பொருட்டில்லை | மிகக் குறைவு |
| நாற்றின் கஷ்டம் | வெளிச்சம், பழக்கப்படுத்துதல் | வெயில், காய்ந்துபோவது, பூச்சி | நடுத்தரம் | மழை, அழுகல் |
| பூச்சி | கடைசியில் உச்சம் | தொடக்கத்தில் உச்சம் | புறா | குளிர் முடியும்போது ஏறும் |
| வெட்ட அவகாசம் | ஓரிரு நாள் | ஒரு வாரம்வரை | சில நாள் | இரண்டு மூன்று நாள் |
| பக்கப்பூ | ஒரு சுற்று | 4 முதல் 6 வாரம் | அறுவடையே அதுதான் | வெயில் வரும்வரை |
| பாத்தி அடைபடுவது | மூன்று மாதம்வரை, கோடைப்பயிரோடு மோதும் | மூன்று நான்கு மாதம், மோதாது | 8 முதல் 10 மாதம் | இரண்டரை மூன்று மாதம் |

## நாற்றா, நேரடி விதையா?

வசந்தத்திலும் வெப்பநாட்டுக் குளிர்மாதத்திலும் நாற்றுதான், யோசிக்க வேண்டாம். நாள் குறைவு. கோடைக் கடைசியில் மட்டும் நேரடி விதைப்பைப் பற்றி யோசிக்கலாம். இடம் மாற்றாத செடிக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும், வறட்சியைத் தாங்கும், நட்ட அதிர்ச்சியில் ஒரு வாரம் போகாது. ஆனால் பாத்தி முழுக்கத் தண்ணீரும் வலையும் வேண்டும். தட்டு என்றால் ஒரு மூலையில் முடிந்துவிடும் வேலை. நான் தட்டிலேயே நின்றுவிட்டேன்.

நாற்று வாங்குவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. வேர் உருண்டை நோய் அந்த மண்ணோடு சேர்ந்து வரலாம். வந்துவிட்டால் அதன் வித்துகள் மண்ணில் 15, 20 வருடம்கூட உறங்கிக் கிடக்கும். அதன்பிறகு முட்டைக்கோஸ் குடும்பத்தில் எதை நட்டாலும் வேர் முடிச்சு முடிச்சாக வீங்கும். சுண்ணாம்பு போட்டு மண்ணின் பி.எச். (அமில-கார) அளவை 7.2க்கு மேலே ஏற்றினால் அடங்கும், அழியாது. விதையை வாங்கி நீங்களே நாற்று விட்டால் இந்தப் பயமில்லை. மீந்த விதையும், காய்ந்த இடத்தில் வைத்தால், நான்கு வருடம்வரை முளைக்கும்.

## ஒரே நாளிலா, தவணையாகவா?

கலப்பினங்கள் பெரும்பாலும் வயலில் ஒரே தடவை அறுக்கும் வசதிக்காக வளர்த்தெடுக்கப்பட்டவை. பத்துச் செடி நட்டால் பத்தும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். வீட்டில் நான்கு பேர் என்றால் என்ன செய்வது? ‘டி சிக்கோ’ போன்ற பழைய இத்தாலிய ரகம் அந்த விஷயத்தில் வீட்டுக்காரனுக்கு நண்பன். பூ சின்னது, ஆனால் ஒன்று இன்று, ஒன்று அடுத்த வாரம் என்று பிரிந்து பிரிந்து வரும், பக்கப்பூவும் தாராளம். ஒரே நாளில் விதைத்தாலே தவணை தானாகக் கிடைத்துவிடும்.

கலப்பினம்தான் வேண்டும் என்றால், வசந்தத்தில் தேதியைப் பிரிப்பதைவிட ரகத்தைப் பிரிப்பது மேல். 55 நாள் ரகம் ஒன்று, 70 நாள் ரகம் ஒன்று, இரண்டும் ஒரே நாளில். கோடைக் கடைசியில் தேதியைப் பிரிக்கலாம். ஐந்து நாள் இடைவெளி போதும், குளிர் அதைத் தானாக அகட்டிவிடும்.

## எந்த நிலையில் எது

வருடத்துக்கு ஒரே ஒரு தடவைதான் நடுவேன், எனக்கு இரண்டு பருவமும் உண்டு என்பவர்: கோடைக் கடைசி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல்முறை நடுபவரும் இதையே எடுங்கள்.

அந்த ஐந்து வாரம் ஊரில் இருக்கமாட்டேன், தினமும் இருவேளை தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்பவர்: வசந்தம். 50 முதல் 60 நாள் ரகம், இளம் நாற்று, பூ எப்படி வந்தாலும் சரி என்ற மனசு.

தொட்டியில் வளர்ப்பவர்: தரையில் இருப்பதைவிடத் தொட்டியில் வேர் சீக்கிரம் சூடேறும், கருப்புத் தொட்டி என்றால் இன்னும் மோசம். வசந்த நடவு இங்கே இரட்டை நஷ்டம். ஒரு செடிக்கு 20 லிட்டர் மண், குளிரை நோக்கிய நடவு, வெளிர்நிறத் தொட்டி அல்லது வளர்பை. தொட்டிக்கு ஒரு வசதியும் உண்டு, வெயில் ஏறும்போது நகர்த்திவிடலாம்.

போன பருவத்தில் அதே பாத்தியில் முட்டைக்கோஸோ காலிஃபிளவரோ இருந்தது என்பவர்: எந்தப் பருவமாக இருந்தாலும் அந்த இடத்தில் வேண்டாம். மூன்று நான்கு வருட இடைவெளி விடுங்கள். பாத்தி ஒன்றுதான் இருக்கிறது என்றால் இந்த வருடம் தொட்டி.

நாற்றை வாங்கி வைத்தாயிற்று, பருவம் தப்பிவிட்டது என்று இப்போதுதான் தெரிகிறது என்பவர்: தூக்கிப்போட வேண்டாம். 25 சென்டிமீட்டர் நெருக்கத்தில் நட்டுக் கீரையாகப் பறியுங்கள். ப்ரோக்கோலி இலை கேல் இலைபோலவே சமைக்க வரும், இளசாக இருக்கும்போது கசப்பும் இருக்காது. இரண்டு செடியை மட்டும் பூக்க விட்டுவிட்டால் மஞ்சள் பூவுக்குத் தேனீ வரும். அதிலிருந்து விதை எடுத்து வைக்க மட்டும் ஆசைப்படாதீர்கள். பக்கத்தில் எங்காவது கேலோ முட்டைக்கோஸோ பூத்திருந்தால் கலந்திருக்கும். அடுத்த வருடம் முளைப்பதற்கு என்ன பெயர் வைப்பது என்றே தெரியாது.